கடலில் எறியப்பட்ட சுவடி: வைரோசனரை ஆலந்தலையிலிருந்து வாசிப்பது பற்றி

போன வருஷம் திருநெல்வேலியில் ஒரு வாசிப்புக் கூட்டம். இருபது பேர்கூட இருக்க மாட்டோம். அம்பேத்கரின் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலை மூன்று மாதமாகக் கூடிக்கூடி வாசித்து முடித்திருந்தோம். கடைசி நாள் பேச்சு மகாயானத்தின் பக்கம் திரும்பியது. ஒரு தோழர் சொன்னார்: "மனுஷனா நடந்து திரிஞ்சவரைத் தூக்கி ஆகாசத்துல வச்சதுதான் மகாயானம். வைரோசனர், அமிதாபர், அட்சோப்யர் எல்லாம் பேரு மாத்தின விஷ்ணு. நமக்கு அது தேவையில்ல." எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்தத் தலையாட்டல் உறுத்தத் தொடங்கியது.

எனக்கு ஊர் ஆலந்தலை. திருச்செந்தூருக்குத் தெற்கே, அலை வருஷாவருஷம் கரையைத் தின்றுகொண்டிருக்கிற கடல்புரம். எங்கள் வீட்டு நடுச்சுவரில் திருஇருதய ஆண்டவர் படம் உண்டு. முள் சுற்றின இருதயம், அதற்கு மேலே நெருப்பு. சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன், ஆண்டவர் இந்தப் படத்திலா இருக்கிறார், கெபியிலா என்று. "கெபியிலயும் இருக்காவ, வீட்டுலயும் இருக்காவ, ஒங்கப்பா வள்ளத்துலயும் இருக்காவ. அவியளுக்கு ஒரு எடந்தானா?" என்றாள். வெகுகாலம் கழித்து, புத்தருக்கு மூன்று காயங்கள் என்கிற மகாயானக் கோட்பாட்டை ஒரு வறட்டுப் புத்தகத்தில் படித்தபோது அம்மாவின் இந்தப் பதில்தான் ஞாபகம் வந்தது. வைரோசனரைத் தேவையில்லை என்று தள்ளுகிற தர்க்கம் அம்மாவின் படத்தையும் சுவரிலிருந்து இறக்கச் சொல்லும். இறக்கலாம். இறக்குவதற்கு முன்னால், இறக்குவது எது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். இந்தக் கட்டுரை அதற்குத்தான்.

பிரச்சினை புத்தரின் மரணத்தில் தொடங்குகிறது. குசிநாராவில் அவர் இறந்தார். எலும்பும் சாம்பலும் எட்டுப் பங்காயின. இனி அவர் எங்கே? ஆரம்ப பௌத்தம் சொன்ன விடை எளிமையானது: போதித்த தம்மமே இனி ஆசான். தம்மத்தைக் காண்கிறவர் அவரைக் காண்கிறார். 'தர்மகாயம்' என்கிற சொல் முதலில் இந்த அர்த்தத்தில்தான் புழங்கியது. காயம் என்றால் தொகுதி, திரட்டு. நாம் 'நூல்தொகுதி' என்கிறோமே, அந்த மாதிரி. பிறகு தொகுதி மெல்ல மெல்ல உடம்பாகிறது. தாமரைச் சூத்திரம் ஒரு படி மேலே போய், அவர் இறந்ததே ஒரு உபாயம், உண்மையில் அவர் ஆயுள் அளவிட முடியாதது என்கிறது. யோகாசாரக்காரர்கள் இதை ஒழுங்குபடுத்தி தர்மகாயம், சம்போககாயம், நிர்மாணகாயம் என்று மூன்றாக அடுக்கினார்கள். தெருவில் பிச்சை எடுத்து நடந்த சாக்கியமுனி கடைசிக் காயம். மந்திரயானம் வந்ததும் ஐந்து புத்தர்கள் திசைக்கொன்றாக உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் வைரோசனர், கிழக்கே அட்சோப்யர், தெற்கே ரத்னசம்பவர், மேற்கே அமிதாபர், வடக்கே அமோகசித்தி.

தெற்கத்தி புத்தரின் பேரைக் கவனியுங்கள்: ரத்தினத்தில் பிறந்தவர். நடுவிலிருந்து பார்க்கிறவனுக்குத் தெற்கு என்றால் முத்து, மணி, சரக்கு. ஆனால் இவருக்கு ஒதுக்கப்பட்ட ஞானம் சமதா ஞானம், சமத்துவத்தை அறிகிற அறிவு. வரைபடம் போட்டவன் இதை யோசித்துச் செய்தானா தெரியாது. எனக்கு இது பிடித்திருக்கிறது.

விஷ்ணுவுக்குப் பேர் மாற்றம் என்றாரே தோழர், அதற்கு வருகிறேன். 'வைரோசனன்' என்ற பேர் புராணங்களில் யாருக்கு? விரோசனன் பிரகலாதனின் மகன், அசுரன். அவன் மகன் வைரோசனன், அதாவது மாவலி. விஷ்ணு காலால் மிதித்துப் பாதாளத்துக்கு அனுப்பியவன். பாலி நிகாயங்களிலும் வெரோசனன் என்கிற அசுரத் தலைவன் சக்கனோடு, அதாவது இந்திரனோடு, வாதாடுகிறான். பலியின் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் வெரோசன் என்றே பேர் என்று இன்னொரு சுத்தம் சொல்கிறது. சூரியனைப் போலப் பிரகாசிப்பவன் என்பது சொற்பொருள். பேர் அந்த வழியாகவே வந்திருக்கலாம். எப்படியும், தேவர்களின் எதிராளி சுமந்த பேர் பிரபஞ்ச புத்தரின் பேராகியிருக்கிறது. பூலே பலிராஜாவைக் கொண்டாடியதை மேடைதோறும் சொல்கிற நாம், வைரோசனர் என்றதும் விஷ்ணு வாசனை அடிக்கிறது என்பது விசித்திரம்தான்.

பேரை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. பிரதிகளுக்குள் போக வேண்டும்.

வைரோசனரின் பிரதிகளில் எனக்கு நெருக்கமானது கண்டவியூகம். அவதம்சகம் என்கிற பெரும் திரட்டின் கடைசிப் பகுதி. ஜாவாவின் போரோபுதூர் சுவர்களில் 460 பலகைகளில் செதுக்கி வைத்திருக்கிறார்கள் (460 என்பது அதன் முடிவில் வருகிற பத்ரசரியையும் சேர்த்து). ஆரம்பமே ஒரு குசும்பு. ஜேதவனத்தில் புத்தர் சமாதியில் ஆழ்கிறார். அண்டங்கள் அத்தனையும் அந்த இடத்தில் திறந்துகொள்கின்றன. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற சாரிபுத்தர் முதலான பெரிய சீடர்களுக்கு எதுவுமே தெரிவதில்லை. அதன்பிறகு சுதனன் என்கிற செட்டிப் பையன் வழி தேடிப் புறப்படுகிறான். மஞ்சுஸ்ரீ அவனைப் பார்த்து, தெற்கே போ என்கிறார். ஐம்பதுக்கு மேற்பட்ட ஆசான்களைப் பார்த்துக்கொண்டு அவன் நடக்கிறான். எண்ணற்ற அண்டங்களை நிறைத்திருக்கிற வைரோசனர் இந்தப் பையனுக்கு ஒரு வார்த்தைகூட உபதேசம் பண்ணுவதில்லை. அவர் மௌனம். பேசுகிறதெல்லாம் வழியில் சந்திக்கிற ஆட்கள்.

அந்த ஆட்கள் யார்? துறவிகள் இருக்கிறார்கள், சரி. வாசனைப் பொருள் வியாபாரி, பொற்கொல்லர், மணலில் விளையாடுகிற சிறுவன், தண்டனைகளால் ஊரை நடுங்கவைக்கிற அரசன், வசுமித்திரை என்கிற கணிகை, இரவுத் தேவதைகள் என்று போகிறது வரிசை. திராவிட தேசத்து மேகன் என்று ஒருவர் வருகிறார். எழுத்துகளின் சக்கரத்தைப் போதிப்பவர். உயர்ந்த ஆசனத்தில் இருக்கிற மேகன், எதிரே நிற்கிற பையன் போதி வேட்கை கொண்டவன் என்று அறிந்ததும் ஆசனத்தை விட்டு இறங்கி அவன் காலில் விழுகிறார். வாத்தியார் மாணவன் காலில் விழுகிற காட்சி நம்முடைய குருபரம்பரைக் கதைகளில் எத்தனை இருக்கும்?

இந்த மேகனுக்கு இரண்டு ஆசான்கள் முன்னால் சாகரமேகன் வருகிறார், சாகரமுகம் என்கிற இடத்தில். அவர் செய்தது ஒன்றே ஒன்று. பன்னிரண்டு வருஷம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். இதைவிட அகலமானது உண்டா, ஆழமானது உண்டா, இத்தனை உயிர்களுக்கு இடம் கொடுப்பது உண்டா என்று. அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கடலுக்குள்ளிருந்து ஒரு மாபெரும் தாமரை எழும்புகிறது. அதன்மேல் புத்தர். அவர் கை நீட்டி இவர் தலையைத் தொடுகிறார். கடலளவு மை இருந்தாலும் எழுதித் தீராத ஒரு சூத்திரத்தைச் சொல்கிறார். ஆலந்தலைக் கடற்கரையில் வெறும் கண்ணோடு பன்னிரண்டு வருஷம் கடலைப் பார்த்திருக்கிற கிழவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தாமரை எழும்பவில்லை. மேகத்தையும் நீவாட்டையும் வைத்து நாளைக்குத் தொழில் உண்டா இல்லையா என்று சொல்வார்கள். அதனால் இந்தக் காட்சியை மிஸ்டிக் அனுபவம் என்று ஒதுக்கிவைக்க எனக்கு மனசு வரவில்லை. பார்த்துக்கொண்டேயிருத்தல் ஒரு அறிவுமுறை என்பதைப் பிரதி ஒத்துக்கொள்கிறது.

அப்புறம் வைரன். கூடாகாரம் என்கிற துறைமுகத்தில் இருக்கும் ஆசான். சமஸ்கிருதப் பிரதியில் அவனுக்கு அடைமொழி 'தாஶன்'. மொழிபெயர்ப்புகளில் மாலுமி என்கிறார்கள். சொல்லின் அர்த்தம் படகுக்காரன், மீன்பிடிக்கிறவன். மனு ஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் இந்தத் தாஶனைக் கலப்புச் சாதிகளின் பட்டியலில் வைக்கிறது: படகுத் தொழிலில் பிழைக்கிறவன், ஆரியவர்த்தத்தார் கைவர்த்தன் என்று அழைக்கிறவன். மனு கீழே எழுதிவைத்தவனிடம் கண்டவியூகம் செட்டிப் பையனை மாணவனாக அனுப்பிவைக்கிறது. வைரன் என்ன சொல்லிக்கொடுக்கிறான்? ரத்தினத் தீவுகள் எங்கே, சுழி எங்கே, தண்ணீரின் நிறம் ஆழத்துக்கு ஆழம் எப்படி மாறும், சூரியன் சந்திரன் நட்சத்திரங்களின் போக்கு, கப்பலின் மரம் தாங்குமா தாங்காதா, எப்போது புறப்படலாம், எப்போது கூடாது. எங்கள் பக்கம் கணியம் பார்ப்பது என்பார்கள். கரையிலுள்ள கோபுரம், பனை, தூரத்து மலை இவற்றை ஒன்றோடொன்று சேர்த்துக் கடலுக்குள் பார் இருக்கிற இடத்தைக் கண்டுபிடிப்பது. வைரன் சொல்வதும் அதுதான். அதை போதிசத்துவ ஞானம் என்கிறது பிரதி.

கடைசியில் வைரனும் மற்ற எல்லா ஆசான்களையும் போலவே முடிக்கிறான்: எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வாசல்தான், மற்றது தெரியாது, இன்னாரிடம் போ. ஐம்பது பேரும் இதையே சொல்கிறார்கள். முழு உண்மையும் தன் கையில் இருப்பதாக ஒருத்தர்கூடச் சொல்வதில்லை. நமது இயக்கங்களின் வகுப்புகளில் மணிக்கணக்காக உட்கார்ந்தவன் என்கிற முறையில் இது எனக்கு எவ்வளவு ஆறுதல் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பிரபஞ்சத்தையே உடம்பாகக் கொண்ட ஒருவர் பேசாமல் இருப்பதால்தான் மீன்பிடிக்கிறவனும் கணிகையும் பேச முடிகிறது. இந்த வைரோசனர் மையம் கிடையாது. மையம் காலியாக இருப்பதற்கு வைத்த பேர்.

ஆனால் மையத்தை ரொம்ப நாளைக்குக் காலியாக விட்டுவைக்க மாட்டார்கள்.

மந்திரயானத்தின் வைரோசனர் பேசுகிறார். நடுவில் உட்கார்ந்து பேசுகிறார். அவரைச் சுற்றி மண்டலம். மண்டலம் என்ற சொல்லைத் தமிழனுக்கு விளக்க வேண்டியதில்லை. தொண்டை மண்டலம், சோழமண்டலம், இன்றைக்கு மின்வாரியத்துக்கும் மண்டலம். ஹர்ஷன் 647இல் இறந்த பிறகு வடக்கே பேரரசு உடைந்து சாமந்தர்கள் பெருகிய காலத்தில், அந்த அரசியலின் அச்சில் வார்த்தெடுக்கப்பட்டதுதான் மந்திரயான மண்டலம் என்று ரொனால்ட் டேவிட்ஸன் 2002இல் வெளிவந்த தன் நூலில் வாதிடுகிறார். நடுவில் ராஜாதிராஜன், சுற்றிலும் அடங்கிய சிற்றரசர்கள், வாசலில் காவலர்கள். உள்ளே நுழைகிற சீடனுக்குச் செய்வது அபிஷேகம், அதாவது முடிசூட்டு. இந்த வாதத்தில் எல்லாவற்றையும் நான் ஏற்கிறேன் என்றில்லை. மண்டலத்துக்குள் சவக்காட்டு யோகினிகள் எப்படி வந்தார்கள் என்பதற்கு அவர் தரும் பதில் போதவில்லை. அடிப்படைச் சட்டகம் அரசனுடையது என்பதை மறுப்பது கஷ்டம்.

இந்த வைரோசனரைச் சீனாவுக்குக் கொண்டுபோனவர் நம் பக்கத்து ஆள். வஜ்ரபோதி, 671இல் பிறந்து 741இல் லோயாங்கில் இறந்தவர். சீன வரலாறுகளில் ஒன்று அவரைத் தென்னிந்தியாவின் மலய நாட்டுப் பிராமணர் என்கிறது. இன்னொன்று மத்திய இந்திய அரசகுமாரன் என்கிறது. காஞ்சியில் பஞ்சம் வந்தபோது மழை வருவித்ததாகக் கதை. இலங்கை வழியாகக் கப்பலேறி 720 வாக்கில் சீனா சேர்ந்தார். அவர் சீடர் அமோகவஜ்ரர், அவர் சீடர் ஹுய்குவோ, அவரிடம் 805இல் படித்த ஜப்பானியர் கூகாய். ஷிங்கோன் பிரிவின் எட்டு மூதாசான்களில் வஜ்ரபோதியும் ஒருவர்.

அவலோகிதர் இருக்கிற பொதலகம் மலய மலைக்குக் கிழக்கே என்று யுவான் சுவாங் எழுதியிருப்பதைப் பொதிகையோடு சேர்த்து ஷு ஹிகோசகா 1989இல் எழுதினார். அகத்தியனுக்கே தமிழ் சொன்னது அவலோகிதர் என்று 11ஆம் நூற்றாண்டு வீரசோழியம் பாடுகிறது. இதையெல்லாம் அடுக்கி 'எல்லாம் நம்ம ஊர்லருந்துதான் போச்சு' என்று மீசை முறுக்குகிறவர்களை இப்போது நிறையப் பார்க்கிறேன். போனது சரி. போய் யாருக்கு உதவியது?

அமோகவஜ்ரர் தாங் அரசவையின் சடங்காசிரியர் ஆனார். 755இல் ஆன் லூஷானின் கலகம் வெடித்தபோது அரசைக் காக்க மந்திரச் சடங்குகள் செய்தார். சக்கரவர்த்திக்கே அபிஷேகம் செய்துவைத்தார். ஜப்பானில் இன்னும் பச்சையாக நடந்தது. 735 முதல் 737 வரை பெரியம்மை நாட்டைச் சூறையாடியது. 741இல் ஷோமு சக்கரவர்த்தி மாகாணத்துக்கு ஒரு விகாரை கட்ட உத்தரவிட்டார். 743இல் பெருஞ்சிலைக்கு ஆணை. நாட்டின் செல்வமும் அதிகாரமும் என்னுடையவை என்று அந்த ஆணை வெளிப்படையாகச் சொல்கிறது. அடுத்த மூச்சிலேயே, ஒரு புல்லோ ஒரு பிடி மண்ணோ கொண்டுவருகிறவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறது. நாராவின் தோதாய்ஜியில் ஏறக்குறைய 15 மீட்டர் உயர வெண்கல வைரோசனர் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்திருக்கிற தாமரையின் ஒவ்வொரு இதழிலும் ஒரு உலகம், அந்த உலகத்துக்கு ஒரு சாக்கியமுனி. நடந்து திரிந்த மனிதர் வைரோசனரின் மாகாண அதிகாரி ஆகிவிட்டார். தோழர் சொன்னது இந்த இடத்தில் நூற்றுக்கு நூறு சரி.

752இல் அந்தச் சிலைக்குக் கண் திறந்தவர் போதிசேனர். ஜப்பானியர்கள் அவருக்கு வைத்த பேர் 'தென்னிந்தியப் பிராமண ஆச்சாரியார்'. கண் திறந்த தூரிகையில் நீளமான கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டார்களாம். தூத்துக்குடி பனிமய மாதா தங்கத்தேருக்கு வடம் பிடிக்கிற கரையிலிருந்து வருகிறவனுக்கு இது நன்றாகப் புரியும். எல்லார் கையிலும் கயிறு இருக்கும். எங்கள் கரையில் ஜாதித்தலைவமோர் என்று ஒரு குடும்பம் இருந்தது. தேரென்றால் முதல் மரியாதை அங்கேதான். 1536, 1537இல் எங்கள் ஜனம் ஊர் ஊராக ஞானஸ்நானம் வாங்கியதும் முத்துப் பார்களின் உரிமைக்கும் போர்ச்சுக்கீசியக் கப்பல்களின் பாதுகாப்புக்கும்தான். சவேரியார் 1542இல் வந்து ஜெபம் சொல்லிக்கொடுத்தது அப்புறம். அதனால், அரசனிடம் போன வைரோசனரைப் பார்த்துச் சிரிக்கிற தகுதி எனக்கு அவ்வளவாக இல்லை.

கூகாயின் விஷயம் வேறு மாதிரிச் சிக்கல். தர்மகாயமே நேரடியாகப் போதிக்கிறது என்பது அவருடைய நிலைப்பாடு. காற்றும் நீரும் எழுப்புகிற ஒலியெல்லாம் வைரோசனரின் பேச்சு. உலகம் ஒரு சூத்திரம். பிரதிக்கு வெளியே எதுவுமில்லை என்று பிரெஞ்சுக்காரர்களிடம் படித்து வந்து எங்களைப் பயமுறுத்திய நண்பர்கள் இதை 1200 வருஷத்துக்கு முந்திய பின்நவீனத்துவம் என்று கொண்டாடக்கூடும். நான் கேட்பது ஒன்றுதான்: வாசிக்கிற உரிமை யாருக்கு? அபிஷேகம் பெற்றவனுக்கு. உலகம் முழுக்கப் பிரதி, வாசகனுக்கு மட்டும் லைசென்ஸ். அதேசமயம், சாதாரண ஜனங்களின் பிள்ளைகளுக்கும் இடமுண்டு என்று 828இல் கியோத்தோவில் பள்ளிக்கூடம் திறந்தவரும் இதே கூகாய்தான். அவர் இறந்து பத்து வருஷத்தில் அது மூடப்பட்டது.

அமிதாபரைப் பற்றிக் கொஞ்சம். அவருடைய சுகாவதி உலகத்தில் தரை உள்ளங்கை மாதிரி சமமாக இருக்கும். நீண்ட சூத்திரத்தின் சீன மொழிபெயர்ப்பு சொல்கிறது: அங்கே மலை இல்லை, பெருங்கடலும் இல்லை, சிறுகடலும் இல்லை. யோவானின் திருவெளிப்பாட்டிலும் புதிய பூமியில் கடல் கிடையாது. இரண்டையும் கரையில் வசிக்கிறவன்தான் எழுதியிருக்க வேண்டும் என்று நான் சொல்ல, இல்லை, யோவான் தீவில் கைதியாக இருந்தவர், அவருக்குக் கடல் என்றால் சிறைச்சுவர் என்று ஒரு சாமியார் திருத்தினார். ஒத்துக்கொண்டேன். ஆனாலும் கடலில்லாத மோட்சத்தில் ஒரு பரதவன் காலையில் எழுந்து என்ன செய்வான்?

இந்த அமிதாபரைத்தான் ஜப்பானில் வலைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஷின்ரான் (1173–1263) மரபில் வந்த தன்னிஷோ என்கிற சிறு நூல், கடலில் வலை இழுத்துப் பிழைக்கிறவர்களும் வேட்டைக்காரர்களும் வியாபாரிகளும் உழுகிறவர்களும் ஒன்றுதான் என்கிறது. உயிர்க்கொலை பாவம் என்று வலையைத் தொட்டவனைத் தள்ளிவைத்த ஒழுக்கத்துக்கு எதிராக இதைப் படிக்க வேண்டும். இந்த விசுவாசத்தோடு எழுந்தவர்கள் 1488இல் காகா மாகாணத்தில் பிரபுவைத் துரத்திவிட்டு 1580 வரைக்கும் ஏறக்குறைய நூறு வருஷம் தங்களையே ஆண்டார்கள். பிறகு அந்தப் பிரிவும் நிறுவனமாகி, தீண்டப்படாத புராக்கு மக்களைத் தனிக்கோயில்களில் ஒதுக்கியது. அந்த மக்கள் 1922இல் கியோத்தோவில் சுய்ஹெய்ஷா அமைப்பைத் தொடங்கியபோது முன்னின்றவர்களில் ஒருவரான சாய்கோ மன்கிச்சி அப்படி ஒரு கோயிலில் பிறந்தவர். 'சுய்ஹெய்' என்றால் நீர்மட்டம். அவர் வரைந்த கொடியில் ரத்தச் சிவப்பில் இருப்பது முள்முடி. புத்த கோயிலில் பிறந்தவனின் கொடியில் எங்கள் வீட்டுச் சுவரின் முள்.

ஆக, பிரபஞ்ச புத்தர் என்பது ஒரே அர்த்தமுள்ள குறி அல்ல. யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது அரசாணையாகவும் ஆகும், கலகக்கொடியாகவும் ஆகும் என்று நிறுத்திக்கொள்ளலாம். அது சௌகரியமான பதில். எனக்கு அதில் திருப்தி இல்லை. கண்டவியூகத்தையும் மண்டலத்தையும் வேறுபடுத்துவது கைகள் மட்டுமல்ல, அமைப்பும்தான். ஒன்றில் நடக்க வேண்டும். ஒவ்வொரு ஆசானும் தன் அறிவின் எல்லையைச் சொல்லி அடுத்தவனிடம் அனுப்புகிறான். இன்னொன்றில் வாசல் திறந்து உள்ளே விட ஒருவன் இருக்கிறான்.

இந்திரவலை உவமைக்கும் இந்தச் சோதனையை வைக்கிறேன். முடிச்சுக்கு முடிச்சு ஒரு மணி, ஒவ்வொரு மணியிலும் மற்ற எல்லா மணிகளும் தெரிகின்றன, எது மையம் என்று சொல்ல முடியாது. இதை விரித்துச் சொன்ன ஃபாட்சாங் (643–712) சக்கரவர்த்தினி வூ-வின் சபையில் கண்ணாடிகளை நிறுத்தி, நடுவில் புத்தர் உருவமும் விளக்கும் வைத்து அவளுக்கு விளக்கினார். மையமே இல்லாத வலையைச் சிங்காசனத்தின் முன்னால் விளக்குகிற காட்சி! வலை கட்டத் தெரிந்தவனுக்கு வேறு கேள்விகள் எழும். தத்துவவாதிகள் எல்லாரும் தங்களை மணியாகவே கற்பனை செய்கிறார்கள். மீனாக ஒருத்தரும் இல்லை. வலையை இழுப்பது யார் என்றும் கேட்பதில்லை. முத்தைப் பற்றியும் அப்படித்தான். இந்தியப் பக்கம் கடைசி முத்துச் சலாபம் 1961இல் நடந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவனுக்கு. முத்துகளை ஓட்டை அளவு வேறுவேறான சல்லடைகளில் அடுக்கடுக்காக ஜலித்துத் தரம் பிரிப்பார்கள். அங்கே ஒரு முத்து இன்னொன்றைப் பிரதிபலித்துக்கொண்டிருக்கவில்லை. கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவனின் உயிர் மேலே கயிறு பிடிக்கிறவன் கையில். அதனால்தான் மச்சானைப் பிடிக்கச் சொல்வார்கள் என்று சொல்வதுண்டு. ஒருவரில் ஒருவர் இருப்பது என்பதற்கு எனக்குத் தெரிந்த உருவகம் அந்தக் கயிறுதான்.

அயோத்திதாசரை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 1907 முதல் 1914இல் இறக்கும்வரை நடத்திய 'தமிழன்' இதழில் அவர் இந்திரர் என்றாலே புத்தர்தான் என்றார். ஐந்து இந்திரியங்களை வென்றவர். இந்திரர் தேசமே இந்தியா. சொற்பிறப்பியல் பண்டிதர்கள் சிரிப்பார்கள். ஆனால் அவர் செய்ததைப் பாருங்கள். பண்டிகையில், பழமொழியில், அம்மனில், எண்ணெய்க் குளியலில் என்று ஒடுக்கப்பட்டவர்களின் அன்றாடத்தில் தொட்ட இடமெல்லாம் புத்தரை எடுத்துக்காட்டினார். அவருடைய புத்தர் சரித்திர மனிதர்தான், ஆனால் எங்கும் இருக்கிறார். அம்பேத்கரின் புத்தர் வழிகாட்டுகிறவர், மோட்சம் வழங்குகிறவர் அல்ல. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால், பேசாமல் எங்கும் இருந்துகொண்டு வைரனிடம் அனுப்பிவைக்கிற கண்டவியூகத்து வைரோசனருக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறோம். தோழர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். பேசிப் பார்க்க வேண்டும்.

இடையில் ஒன்று. ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் கட்டிய விகாரையின் மிச்சம் என்று கருதப்பட்ட செங்கல் கோபுரத்தை 1867இல் இயேசு சபையார் இடித்தார்கள். அயோத்திதாசரின் எழுத்துகளைத் தேடித் திரட்டி 1999இல் நமக்குத் தந்தது பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். அதுவும் இயேசு சபைக் கல்லூரிதான். இடிச்சதும் அவங்க, எடுத்துக் குடுத்ததும் அவங்க.

வஜ்ரபோதியிடம் திரும்பி முடிக்கிறேன். வைரோசனர் போதித்ததாகச் சொல்லப்படும் வஜ்ரசேகரத்தின் மூலம் தென்னிந்தியாவில் ஒரு இரும்பு ஸ்தூபிக்குள் பூட்டியிருந்தது என்பது ஐதீகம். அதன் நீண்ட சுவடி ஒன்றையும் சுருக்கம் ஒன்றையும் வஜ்ரபோதி கப்பலில் கொண்டுபோனார். புயல் வந்தது. கப்பல் மூழ்காமலிருக்கப் பாரத்தையெல்லாம் கடலில் எறியச் சொன்னார் மாலுமி. நீண்ட சுவடியும் போனது. கையில் மிஞ்சியது சுருக்கம்தான். இது அமோகவஜ்ரர் பேரில் வழங்குகிற குறிப்பிலேயே உள்ள கதை. அமோகவஜ்ரரே பின்னால் 741இல் கப்பலில் போனபோது புயலை மந்திரத்தால் நிறுத்தினார் என்று சரித்திரம் எழுதினார்கள். எங்கள் சலாபங்களிலும் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர். வேதக்காரர்தான். வெள்ளைக்கார சர்க்கார்கூட அவருக்குச் சிப்பியில் பங்கு விட்டது; அவர் இல்லாமல் யாரும் தண்ணியில் இறங்க மாட்டான்.

வைரோசனரின் முழுப் பேச்சு ஏதோ ஒரு கடலடியில் கிடக்கிறது. கூகாயிலிருந்து இன்றைய கோயாசான் வரை எல்லாரும் படிப்பது சுருக்கத்தை. எறியச் சொன்ன மாலுமியின் பேர் குறிப்பில் இல்லை.

இந்தக் கதையை ஊரில் பெரியப்பாவிடம் சொன்னேன். எழுபது தாண்டியவர், சின்ன வயதில் சங்கு குளித்தவர். முழுக்கக் கேட்டார். "பொஸ்தகம் எத்தன எட இருக்கும்?" என்றார். ஒரு லட்சம் சுலோகம் என்று சொல்வார்கள், ஓலையில் என்றால் கனம்தான் என்றேன். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார்.

"அப்ப எறிஞ்சது சரிதாம்ல. நங்கூரத்தயும் தண்ணியயும் எறிய முடியுமா? அவியளுக்குத்தான் மனப்பாடமா இருந்திருக்குமே, கரைக்கு வந்து சொல்ல வேண்டியதுதான?"